கூட மறுத்த குதிரை

இந்த ஞாயிற்றுக்கிழமை உலகமே தலைகீழானாலும் நாற்காலியை விட்டு அசைவதில்லை என்று அனிமேஷன்காரர் முடிவு கட்டியிருந்தார். ஆறு நாள் கம்ப்யூட்டர் முன்னால் குந்தி முதுகு பலகையாகிவிட்டது. ஏழாவது நாள் பார்த்து மச்சான் வீடு மாறுகிறார். புது வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது, இரும்பு பீரோ உண்டு.

தப்பிக்க ஒரு வழி கைவசம் இருந்தது. உப்பு விளம்பரம். திரையில் சிதறிக் கிடக்கும் பத்தாயிரம் உப்புத் துகள்கள் பறந்து வந்து குதிரையாகக் கூட வேண்டும். அவற்றை இழுத்து வர ஈர்ப்பு விசை என்று ஓர் எண். ஒன்றன்மேல் ஒன்று ஏறி அப்பிக்கொள்ளாமல் தள்ளி நிறுத்த விலக்கு விசை என்று இன்னோர் எண். குதிரை நேற்றே ஜோராக நின்றுவிட்டது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக விலக்கு விசையை இரண்டிலிருந்து இருபதாக ஏற்றினார். குதிரை பொலபொலவென்று உதிர்ந்தது. துகள்கள் கிட்டே வருவதும் தெறித்து ஓடுவதுமாக அல்லாடின.

"ஏங்க, இன்னும் கிளம்பலையா?" என்று மனைவி வந்து நின்றாள்.

"எப்படிம்மா கிளம்புறது? குதிரை கூட மாட்டேங்குது, பாரு."

"அது பாட்டுக்கு ஓடட்டுமே."

"பக்கத்துலயே இருக்கணும். நாளைக்குக் காலைல கொடுத்தாகணும். நான் எழுந்தா கெட்டுது."

திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பாவம், உங்க உடம்பு என்னத்துக்கு ஆகும்" என்றாள். இவ்வளவு சுலபத்தில் அவள் இரக்கப்பட்டதே இல்லை. மனுஷர் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். அலுப்பு கண்ணை மறைத்துவிட்டது.

அங்கேயே நின்று போனைக் காதில் வைத்தாள்.

"அண்ணா, அவரால அசைய முடியாது. நீங்க ஒண்ணு பண்ணுங்க. வண்டியை இங்க விடுங்க. சாமானெல்லாம் இங்கயே இறக்கிடலாம். நீங்க, அண்ணி, பிள்ளைங்க எல்லாரும் இவர் வேலை முடியுற வரைக்கும் இங்கதான். பீரோவா? இவரோட ரூம்லயே வச்சுக்கலாம். ஒரு மாசம் ஆனா என்ன, நம்ம வீடுதானே."

மச்சான் ஒரு வேளை சாப்பிட வந்தாலே மூன்று மணி நேரம் பேசுவார். அனிமேஷன்காரரின் கை தானாகக் கீபோர்டுக்குப் போயிற்று. இருபதில் இருந்த சைபரை அழித்தார். பத்தே விநாடி. குதிரை நாலு காலும் வாலுமாக வந்து நின்றது.

"முடிஞ்சிடுச்சு, முடிஞ்சிடுச்சு. நானே வர்றேன்னு சொல்லு" என்று எழுந்தே விட்டார்.

மனைவி போனை இறக்கி மேசைமேல் வைத்தாள்.

"சட்டையை மாட்டுங்க. அண்ணனுக்கு நான் இன்னும் நம்பரே போடலை."