முதலிடத்துக்காரர் சொன்னால் சரி

மைசூரு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள டேவிஸ் மச்சானுக்கு, உங்கள் தங்கை புருஷன் குழந்தைசாமி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், மெட்டில்டாவின் பிரஷர் ஒன்றைத் தவிர. நஞ்சன்கூட்டில் நீங்களும் அக்காவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

மச்சான், ஒரு சந்தோஷச் செய்தி! ரிட்டயர் ஆனபின் மெட்டில்டாவின் மழலையர் பள்ளியில் கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவன், இப்போது கல்விப் புரட்சி செய்கிறேன். இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. கல்விச் சிந்தனையாளர்களில் யாரை ஜனங்கள் அதிகம் படிக்கிறார்கள் என்று வாராவாரம் வரிசை போடுகிறார்கள். கிரிக்கெட்டெல்லாம் கிட்டே நிற்க முடியாது, அடியில் கிடந்தவர் திடீரென்று முதலிடம்! ஞாயிறு பூசைக்குக் கிளம்புமுன் முதலிடத்துக்காரரின் கட்டுரையைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்குத் தட்டிவிடுவேன், திங்கள் முதல் பள்ளியில் அவர் சட்டம்தான். முதலில் வந்தவர் பிள்ளை மண்ணைத் தொட்டுத்தான் கற்கும் என்றார், ஒரு வண்டி செம்மண் இறக்கினேன், மாலையில் வந்த பெற்றோருக்கு எது தங்கள் பிள்ளை என்று தெரியவில்லை, "ஏனு சார் இது?" என்ன இதெல்லாம் என்று ஸ்வாதியின் அப்பா கன்னடத்தில் கத்தினார். அடுத்த ஞாயிறே மண்காரர் வரிசையில் சரிந்துவிட்டார், அடுத்தவர் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும் என்றார், தேர்ந்தெடுங்கள் கண்ணுகளா என்றேன், பத்து மணிக்குள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போவதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

"ஏங்க, போன வாரம் மண்ணு, இந்த வாரம் லீவா? வர்ற வருஷத்துக்குப் பாதி சீட்டுகூட ரொம்பல. என் ஸ்கூல மூடிட்டுத்தான் உக்காருவீங்களா?" என்கிறாள் மெட்டில்டா. பிள்ளைகள் சேராவிட்டால் பள்ளி நிலைக்காதென்று எனக்குத் தெரியாதா? அதற்காகத்தானே இவ்வளவும்! என்னை முறைப்படி கல்வி இயக்குநராக்கி, வாசல் போர்டில் பெயர் போடச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கு என் வணக்கம். ஆண்டவர் உங்கள் வீட்டில் ஒரு குறையும் வைக்காமல் காப்பாராக.

தங்கள் அன்பு மைத்துனன்,
குழந்தைசாமி

பி.கு.: போர்டு விஷயம் வேண்டாம் மச்சான். இப்போதுதான் போனைப் பார்த்தேன். இன்று முதலிடத்துக்கு வந்தவர், ஏழு வயதுவரை பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாதீர்கள் என்கிறார். பூசைக்கு நேரமாகிறதே என்று படிக்காமலே அனுப்பியிருக்கிறேன். பெற்றோர் ஒருவர் விடாமல் கைகூப்பி நன்றி போட்டிருக்கிறார்கள். மெட்டில்டா இன்னும் பார்க்கவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, அடுத்த பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன்.