காக்கை எதை எடுத்தது என்று நீ கேட்டதற்குப் பதில்

மத்திகிரி,
18 ஜூன் 2020

அன்புள்ள தங்கமணிக்கு,

அண்ணி ருக்மணி எழுதுவது. இங்கே எனக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, ரசம் கொதித்தால் வாசனை தெரிகிறது. பெங்களூரில் நீயும் உன் வீட்டுக்காரரும் அதே நிலையில் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன்.

உன் அண்ணனின் முதல் தெவசத்துக்கு நீ வர முடியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. அத்திப்பள்ளி எல்லைச் சாவடியில் இ-பாஸ் இல்லை என்று வண்டியைத் திருப்பினால் நீ என்ன செய்வாய்? ஆனால் நேற்று தொலைபேசியில், எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்காமல், "காக்கா எடுத்துச்சா அண்ணி?" என்றாய். எடுத்தது என்றேன். "எதை எடுத்துச்சு?" என்றாய். உடனே சிக்னல் போய்விட்டது. அது தானாகப் போகவில்லை, நான்தான் துண்டித்தேன். தொலைபேசியில் விளக்கினால் நடுநடுவே நீ பேசுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை.

போன வருஷம் காரியத்தன்று, பந்தலில் எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்கண்ணன் நாக்கு செத்துத்தான் போனான்" என்று சொன்னாய். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பாய். இந்த ஒரு வருஷமாக அது ஒன்றுதான் இந்த வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறது. காக்கை எடுத்தால் போனவருக்கு மனக்குறை இல்லை, எடுக்காவிட்டால் உண்டு என்பதிலெல்லாம் கான்வென்டில் படித்த எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் காக்கை எடுக்காமல் போயிருந்தால் நீ சொன்னது சரி என்று ஆகியிருக்கும். அதனால்தான் தெவசத்தன்றைக்கு அது எடுத்தே ஆக வேண்டியிருந்தது.

உன் அண்ணனுக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, இரண்டும் இருந்தன என்பது உனக்குத் தெரியும். பாக்கெட்டின் முன்பக்கம் படம், பின்பக்கம்தான் பாடம் என்பார் எங்கள் கான்வென்ட் சிஸ்டர் ஃபிலோமினா. நான் பின்பக்கம் படிக்காமல் அவர் வாயில் எதையும் போட்டதில்லை. நூறு கிராமில் சர்க்கரை எவ்வளவு, சோடியம் எவ்வளவு, என்ன எண்ணெய், எந்தத் தேதி வரை, எல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் அலமாரியில் ஏற்றுவேன். லேபிள் இல்லாத பண்டம் இந்த வீட்டுப் படியேறியது கிடையாது. நீ கொடுத்தனுப்பிய ஆவக்காய் உட்பட. "ருக்கு, என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடு, எந்தத் தேதி வரைக்கும்னு நானும் தெரிஞ்சுக்கறேன்" என்பார். நானும் சிரிப்பேன். அப்போது சிரிக்கக்கூடியதாகத்தான் இருந்தது.

அப்புறம் இந்தக் கொரோனா வந்தது. அதுவரை என்னைப் பைத்தியம் என்று பார்த்த தெருவே பாக்கெட்டும் கையுமாக என் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. ரொட்டியில் நோய் எதிர்ப்புச் சக்தி, அப்பளத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி, பால்கோவாவில்கூட. பின்வீட்டில் குடியிருக்கும் மங்கம்மா ஒரு பிஸ்கட்டைத் தூக்கிக் காட்டி, "இதுல மஞ்சள் எவ்ளோ போட்டிருக்கான், படிச்சுச் சொல்லுங்கம்மா" என்றாள். நூறு பங்கில் அரைப் பங்குகூட இல்லை என்றேன். "அட தேவுடா, நான் மஞ்சள் பூசின கையால தொட்டாலே அதுக்கு மேல ஒட்டுமே!" என்றாள். தெரு சிரித்தது. நான் முகக்கவசத்துக்குள் சிரித்தேன். அவர் போன பிறகு என் வீட்டு வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். பாக்கெட்டைப் படித்துச் சொல்ல நான் இருக்கிறேன், கேட்க ஆள் இருக்கிறது என்று ஒரு பெருமிதம்கூட வந்தது. அதற்குத்தான் அடி விழுந்தது என்று நினைக்கிறேன்.

பாக்கெட்டின் மேல் கிருமி இருக்கும், கழுவாமல் உள்ளே எடுக்காதீர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கி எல்லாவற்றையும் ஊறப்போட்டேன். ஊறப்போட முடியாதவற்றைச் சானிடைசரால் துடைத்தேன். புட்டிகளின் லேபிள்கள் உரிந்து கப்பல் மாதிரி மிதந்தன. தேதிகளெல்லாம் கரைந்து என் விரலில் நீலமாக வந்துவிட்டன. கடைசியில் இந்தத் தெருவிலேயே எதில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரே வீடு என் வீடுதான். இதைத் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை.

தெவசத்தன்று சாஸ்திரிகள் வரவில்லை, தொலைபேசியிலேயே மந்திரம் சொன்னார். நான் வாழையிலையில் சாதம், பருப்பு, வடை, சேமியா பாயசம் எல்லாம் வைத்துப் பின்மதில் மேல் கொண்டுபோய் "கா கா" என்று கூப்பிட்டேன். ஒரு காக்கை வந்தது. தலையைச் சாய்த்து இலையைப் பார்த்தது, பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்கிறவர் மாதிரி. பாயசத்தில் ஒரு கொத்துக் கொத்தியது. உடனே அலகை மதிலில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டு பறந்துவிட்டது. நான் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சர்க்கரைக்குப் பதிலாக அவருக்குப் போடும் இனிப்புப் பொடியும், சோடியம் குறைந்த உப்பும் ஒரே மாதிரிப் புட்டி, ஒரே மாதிரி வெள்ளை, லேபிள் இரண்டிலும் இல்லை. அப்புறம் நான் சொல்ல வேண்டுமா?

மறுபடியும் சரியான பொடி போட்டுக் காய்ச்சினேன். காக்கை வேப்பமரத்தில் உட்கார்ந்து பார்த்தது, இறங்கவில்லை. சாஸ்திரிகளுக்குத் தொலைபேசினேன். "பாயசத்தில் என்ன போட்டேள்?" என்று கேட்டார். சொன்னேன். மெதுவாக, "அம்மா, அவருக்கு இனிமே சர்க்கரை வியாதி கிடையாதும்மா" என்றார்.

தங்கமணி, அவர் போனபோது நான் எல்லோர் எதிரிலும் அழவில்லை, அதை நீ கவனித்திருப்பாய். தெவசத்தன்றைக்கு அடுப்படியில் நின்று அழுதேன்.

மங்கம்மா பின்வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "அய்யாவுக்கு என்னமோ கொறை இருக்குதும்மா, அதான் எறங்க மாட்டேங்குது" என்றாள். குறையுமில்லை ஒன்றுமில்லை, ஊரடங்கில் காக்கைகளுக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்று சொன்னேன். வெயில் ஏறிவிட்டது. காக்கை எடுக்காமல் நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்றாவது தடவை நல்ல நெய், முந்திரி, நிஜமான சர்க்கரை, எல்லாம் போட்டுப் பாயசம் காய்ச்சினேன். அதைக் கொண்டுபோய் வைத்தேன். காக்கை வந்தது. எடுத்தது. என் பாயசத்தை எடுத்தது. ஆகவே உன் அண்ணன் குறையில்லாமல்தான் போனார், என் கையால் சாப்பிட்டு நிறைவோடுதான் போனார் என்பதை இதன் மூலம் உனக்கு எழுத்தில் தெரிவித்துக்கொள்கிறேன். பந்தலில் அன்று இருந்தவர்களுக்கும் நீயே சொல்லிவிடு.

வெளியே போனால் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் போடு. உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்புகளைச் சொல். நீ மஞ்சள் குங்குமத்தோடும், நீயும் உன் பிள்ளைகளும் நல்ல சுவாசத்தோடும் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி,
ருக்மணி சௌந்தரராஜன்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டு மறுபடியும் பிரித்தேன். மூன்றாவது பாயசத்தையும் அது எடுக்கவில்லை. மங்கம்மா பொறுக்க மாட்டாமல் கூட்ரோடு பேக்கரிக்குப் போய், செய்தித்தாளில் சுற்றி ஒரு தில்பசந்த் இனிப்பு ரொட்டி வாங்கி வந்தாள். "அய்யா டெய்லி வாக்கிங் போறேன்னு வந்து அங்க பெஞ்சுல குந்திக்கினு இதைத்தாம்மா தின்னுவாரு. உங்ககிட்ட சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு" என்றாள். பாதியைப் பிய்த்து இலையில் வைத்தேன். கை எடுப்பதற்குள் காக்கை கொண்டுபோய்விட்டது.

ஆக, என் கையால் நிறைவாகப் போனார் என்று நான் எழுதியது பொய். நாக்கு செத்துப் போனார் என்று நீ சொன்னதும் தப்பு. உன் அண்ணன் நன்றாகத் தின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். வந்து, நான் வைத்த ஓட்ஸ் கஞ்சியையும் மீதி வைக்காமல் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு ருக்கு" என்று தினமும் சொல்லியிருக்கிறார். அதை நினைத்தால்தான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

இ-பாஸ் கிடைத்ததும் வா. ஆவக்காய் கொண்டு வா, லேபிள் வேண்டாம். மிச்சமிருந்த பாதி தில்பசந்தை நான்தான் சாப்பிட்டேன். செய்தித்தாளில் படிக்க ஒன்றும் இல்லாததால் நாக்கால்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது: மைதா, தேங்காய், சர்க்கரை, டூட்டி ஃப்ரூட்டி, கொஞ்சம் ஏலக்காய். உப்பு எவ்வளவு என்று மட்டும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அழுதுகொண்டே சாப்பிட்டேன்.