மழையண்ணைக்கு நான் வைத்த கையெழுத்து

பிராங்பேர்ட் வானத்துக்கு மேலே யார் இருக்கிறார்களோ தெரியாது, கீழே மழையண்ணை இருக்கிறார். அவரைக் கேளாமல் எங்கள் மாடிக் கட்டடத்தில் ஒருத்தரும் உடுப்புக் காயப் போடுவதில்லை. என்னைவிடப் பதினொரு வயது இளையவர். ஆனாலும் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி எனக்கும் அவர் மழையண்ணைதான்.

விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. இருபத்தைந்து வருடம் நனைந்ததில் மழையோடு அவருக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது. லிஃப்டில் தினமும் தாள் ஒட்டுவார்: "மூன்று மணிக்கு மழை. குடை கட்டாயம்." ஒருமுறை கோயில் தேரையே இரண்டு மணித்தியாலம் முந்தி இழுக்க வைத்தார். அன்று முழுக்க வெயில் கொளுத்தியது. ஐயர் முறைத்தார். இவர் மழைக்கோட்டைக் கழற்றாமலே, "நான் சொன்னது சரி ஐயா, வானம்தான் பிழை விட்டிட்டுது" என்றார்.

இப்படிப்பட்டவர் ஐம்பத்தாறாவது வயதில் மாலைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். உயர்தரம் பாஸ் பண்ணிப் பல்கலைக்கழகத்தில் வானிலை படிக்கப் போகிறாராம்.

கடைசி இரண்டு வருடத்துக்கு இரண்டு முதன்மைப் பாடங்களைத் தெரிவு செய்து ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். வானிலைக்குக் கணக்கும் பௌதிகமும் வேண்டும். இவருக்கோ வரலாறு தண்ணீர் பட்ட பாடு, கணக்கு என்றால் காய்ச்சல்.

"வரலாற்றை எடுங்கோ அங்கிள், புள்ளி கொட்டும்" என்றாள் கீழ்வீட்டுப் பெட்டை.

"பென்சன் எடுக்கிற வயசில பௌதிகமோ?" என்று அவளின் தகப்பன் சிரித்தார். "மழை வந்தா நனையுங்கோவன், அதுக்கு ஏன் படிப்பு?"

கடைசியில் கணக்கு, பௌதிகம் என்றே எழுதிக்கொண்டு, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு வந்தார்.

"அக்கா, இந்தக் கோட்டில ஒரு கையெழுத்து வையுங்கோ."

"என்ன கோடு?"

"தாய் தகப்பன் வைக்கிறது. எனக்கு ரெண்டு பேரும் இல்லை. நீங்கள்தான் மூப்பு."

"விசரே உமக்கு? வெறுமனே விடும்."

"ஐயோ அக்கா! அகதி விண்ணப்பத்தில ஒரு பெட்டியை வெறுமனே விட்டிட்டு நான் ஆறு மாசம் அலைஞ்சனான்!"

அது எனக்கும் தெரிந்த அலைச்சல். கண்ணாடியைப் போட்டு, கமலாம்பிகை என்று ஜெர்மன் எழுத்தில் ஒன்று விடாமல் எழுதினேன். என் கையெழுத்தை எந்த அரசாங்கக் கந்தோரும் இதுவரை திருப்பினதில்லை.

பிறகுதான் தெரிந்தது, அவர் கொண்டுவந்தது பகல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தாளாம். அந்தக் கோடு பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் இருந்ததாம். அடுத்த கிழமை எனக்குக் கடிதம் வந்தது: மாணவனின் தாயார் நேரில் வரவும்.

நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனேன். இளம் ரீச்சர் என்னைப் பார்த்தார், மழையண்ணையின் நரைத்த மீசையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"நீங்கள்... தாயார்?"

"கையெழுத்து என்னுடையதுதான்" என்றேன். பொய் சொல்லவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். இவருக்குக் கணக்கு மெத்த மோசம். தவறினால் பல்கலைக்கழகமே இல்லை. வரலாறு எடுத்தால் நிச்சயம் பாஸ். மழையண்ணை தலையைக் குனிந்துகொண்டார். வானத்தோடு சண்டைக்குப் போகிற மனிதரை நான் அப்படிக் கண்டதில்லை.

கன்ரீனில் வேலை செய்து பழகிய என் ஜெர்மனில் கேட்டேன்: "வரலாறு படிச்சா மழை தெரியுமோ?"

"நேற்றுப் பெய்த மழை தெரியும்" என்று ரீச்சர் சிரித்தார்.

"இவருக்கு நாளைக்குப் பெய்யிற மழைதான் வேணும்."

ரீச்சர் பேனையை மூடினார். பிறகு தாளில் ஒன்றையும் மாற்றாமல் கோப்பில் வைத்தார்.

இரண்டு வருடம் என் குசினி மேசையில்தான் கணக்குச் செய்தார். எனக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் பேனையைக் கடித்தால் பிழை, தேத்தண்ணி கேட்டால் சரி. முதல் வருடம் முழுக்கப் பேனை. இரண்டாம் வருடம் எனக்குத் தேயிலை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை.

கணக்கில் மயிரிழையில் தப்பினார். வானிலைப் படிப்புக்குப் பாஸ் போதுமாம், புள்ளி எல்லை இல்லையாம். இந்த இலையுதிர் காலத்திலிருந்து பல்கலைக்கழகத்தில் சின்னப் பிள்ளைகளோடு முதல் வரிசையில் இருக்கிறார். லிஃப்டில் இப்போது தாள் வேறு மாதிரி: "மழை வரலாம். உறுதியில்லை." படித்த மனிதர்!

எனக்குப் பிள்ளைகள் இல்லை என்று இந்த நாட்டில் எத்தனையோ படிவங்களில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பள்ளிக்கூடத்துக் கோப்பில் மட்டும் எனக்கு அறுபது வயதான ஒரு மகன் இருக்கிறான். அதைத் திருத்தச் சொல்லி நான் இன்னும் கேட்கவில்லை.