பெண் பார்க்கப் போனபோது சின்னுவுக்குப் பசித்தது

எனக்குப் பொய் சொல்ல வராது. இதை நேர்மை என்று நினைத்துப் பாராட்டிவிட வேண்டாம். ஆசை உண்டு, முயற்சி உண்டு, திறமைதான் இல்லை. அந்தக் குறை ஊரறிய வெளிப்பட்டது கல்லாவியில், எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில்.

அப்போது ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். தங்கியிருந்தது அக்கா வீட்டில். புதிதாகக் கலர் போன் வாங்கியிருந்தேன். (கலர் போன் வாங்கினால் எல்லாருக்கும் காட்ட வேண்டிய காலம். கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவருக்கும் காட்டினேன்.) அதில் குழந்தைகளுக்கான ஒரு விளையாட்டு இருந்தது. திரையில் ஒரு நாய்க்குட்டி. வேளாவேளைக்குப் பால் கொடுக்க வேண்டும், அசிங்கம் பண்ணினால் துடைக்க வேண்டும், தட்டிக்கொடுத்துத் தூங்க வைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் செத்துப்போகும்.

அக்கா மகள் கீர்த்தனா, இரண்டாம் வகுப்பு, அதற்குச் சின்னு என்று பெயர் வைத்து வளர்த்தாள். கணக்கில் மார்க் குறைந்ததும், அந்த விளையாட்டே வீட்டில் கூடாது என்று அக்கா தடை போட்டாள். "மாமா, இனிமே நீதான் அவன பாத்துக்கணும். அம்மாகிட்ட சொல்லக் கூடாது" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கீர்த்தனா பொறுப்பை ஒப்படைத்தாள். அன்று முதல் ஒரு கையில் மைக்ரோமீட்டர், மறு கையில் சின்னு என்று என் உத்தியோகம் நடந்தது.

கீர்த்தனாவை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு, அப்பா, அம்மா, அக்கா, நான் நால்வரும் கல்லாவிக்குப் போனோம். பெண்ணின் பெயர் மஞ்சுளா. அவளுடைய அப்பா மாந்தோப்பும் கறவை மாடுகளும் வைத்திருந்தவர், அதிகம் பேசாதவர். சந்தையில் மாட்டைப் பார்ப்பது போலவே என்னையும் பார்த்தார். பல்லைத்தான் பிடித்துப் பார்க்கவில்லை.

பஜ்ஜி வந்தது. கூடவே போனும் அடித்தது. கீர்த்தனா! எழுந்து புழக்கடைப் பக்கம், மாட்டுக் கொட்டகை ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

"மாமா, சின்னு சாப்ட்டானா?"

"சின்னுவுக்குப் பால் குடுத்துட்டேன். மூத்திரம் போயிட்டான், தொடச்சி வுட்டேன். இப்பதான் தூங்கறான்."

"அழுதானா?"

"அழுதான், தட்டிக் குடுத்தேன். நான் பாக்காட்டி அவன் செத்துப் போயிடுவான்னு எனக்குத் தெரியாதா? இங்க யாருக்கும் விஷயம் தெரியாது. கண்ணாலம் ஆனாலும் அவன நானே வெச்சிப் பாத்துக்குவேன். நீ அழாத."

மாட்டுக்கு அந்தப் பக்கம் மஞ்சுளாவின் சித்தி, எங்களுக்குக் காபி போடப் பால் கறந்துகொண்டிருந்தார். அவருக்குக் கேட்டது போனில் என் பக்கத்துப் பேச்சு மட்டும். சொம்பு உருண்ட சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் அவர் வீட்டுக்குள் ஓடிவிட்டார்.

நான் கூடத்துக்கு வந்தபோது பஜ்ஜித் தட்டு இல்லை. காபியும் வருவதாகத் தெரியவில்லை. எங்கள் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, சின்னுன்றது யாரு?" என்றார் மஞ்சுளாவின் அப்பா.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாண வயதில் ஒருவன், பெண் வீட்டில் உட்கார்ந்து, நாய்க்குட்டி விளையாட்டு விளையாடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? போதாததற்குப் பக்கத்தில் அக்கா வேறு.

"எங்க கம்பெனில ஒரு மெஷினுங்க."

"மெஷினு பால் குடிக்குமா?"

"கூலன்ட்டுங்க, மெஷினு சூடாவாம இருக்க ஊத்தறது. பாக்கறதுக்குப் பால் மாரியே இருக்கும்."

"மூத்திரம் போச்சாமே?"

"எண்ணெய் கசியுதுங்க."

"அழுததா சொன்னியாமே?"

"பேரிங் சத்தம்ங்க."

எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. அந்த நேரம் பார்த்து என் சட்டைப் பையிலிருந்து 'குயிங், குயிங்' என்று சத்தம் வந்தது. சின்னுவுக்கு மறுபடி பசி. எங்கள் அப்பா என்னைவிட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்.

மஞ்சுளாவின் அப்பா கையை நீட்டினார். கொடுத்தேன். சொல்ல வேண்டியதையும் சொன்னேன்.

"அய்யோ, இந்தப் பொம்ம நாயிக்கா நான் பால் சொம்ப போட்டுட்டு ஓடியாந்தேன்!" என்று சித்தி தலையில் அடித்துக்கொண்டார். அக்கா, தன் பங்குத் திட்டுகளையெல்லாம் வீட்டுக்குப் போய்ச் சொல்வதற்காகச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சுளாவின் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு, ஏர் பிடித்த கட்டைவிரலால் ஏதேதோ பொத்தானை அமுக்கினார்.

"என்னா தம்பி, ரெக்க மொளைச்சி மேல போவுது?"

எட்டிப் பார்த்தேன். "செத்துடுச்சுங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "நான் ஒண்ணும் பண்ணலியேப்பா" என்றார், கன்றுக்குட்டியைப் பறிகொடுத்தவர் மாதிரி. அதற்குள் போன் அவர் கையிலேயே மறுபடி அடித்தது. பதற்றத்தில் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டார்.

"மாமா, சின்னு எழுந்துட்டானா?" கீர்த்தனாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"நல்லா தூங்கறான் பாப்பா. எழுப்பினா அழுவான், வுட்டுடலாம்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். பொய் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

பேருந்தில் அக்கா, சேர்த்து வைத்ததில் பாதியைச் சொன்னாள். மீதி வீட்டில். சின்னு சேதி தெரிந்து கீர்த்தனா பல நாள் என்னோடு பேசவில்லை. கல்லாவி சம்பந்தம் முடிந்தது என்று வேறு ஜாதகம் தேடத் தொடங்கியபோது, பெண்ணுக்குச் சம்மதம் என்று தகவல் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு மஞ்சுளாவிடம் காரணம் கேட்டேன்.

"கதவுக்குப் பின்னாடி நின்னு எல்லாத்தியும் கேட்டுட்டுதான் இருந்தேன். இவ்ளோ மோசமா பொய் சொல்ற ஆளு வேற எங்க கெடைப்பாங்க? பயமில்லாம குடித்தனம் பண்ணலாம்னு தோணுச்சி."

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு பொய் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. நான் எதையாவது சமாளிக்கத் தொடங்கினால், 'எண்ணெய் கசியுது' என்பார்கள். போன மாதம் ஜவளகிரியில் ஒரு கிரகப்பிரவேசம். அதற்குப் போவதற்காக, பள்ளிக்கூடத்தில் மகளுக்குக் காய்ச்சல் என்று வகுப்பு ஆசிரியையிடம் லீவு கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற மகள், "அப்பா, எண்ணெய் கசியுது" என்றாள்.

ஆசிரியை பதறிப்போய் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "வண்டியிலயா சார்? மொதல்ல அதப் போய்ப் பாருங்க!"