கீபோர்டு மேல் ஓர் எலுமிச்சம்பழம்

பொறாமை ஒரு விசித்திரமான விளக்கு. அடுத்தவன் வீட்டில் எரியும்போதுதான் நம் கண் கூசும்.

எண்பதுகளின் கடைசியில், ஆரணியில் நான் புடவை மடித்துப் போட்டுக்கொண்டிருந்த பட்டுக் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதை இயக்க, வேலூரில் கோர்ஸ் படித்த என் சித்தப்பா மகன் சேகரை முதலாளி அமர்த்தினார். ஏ.சி. ரூம் அவனுக்கு. (நானும் கவிதை எழுதுவேன், ஒரு டேபிள் ஃபேன்கூட யாரும் தரவில்லை.) காலையில் அவன் ஸ்விட்சைத் தட்டுவான். கருந்திரையில் பச்சை எண்கள் மின்மினிகளாக ஏறும். கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த அத்தை மகள் மல்லிகா இமைக்காமல் பார்ப்பாள். அவளைத்தான் நான் கட்டிக்கொள்வதாக இருந்தேன். (அவளிடம் இன்னும் சொல்லவில்லை.)

ஆயுத பூஜை வந்தது. அலங்காரம் என் பொறுப்பு. இருந்த வயிற்றெரிச்சலையெல்லாம் சந்தனமாகக் குழைத்து, கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் பொட்டு வைத்தேன். நடுவில், உருளாதபடி அழுத்தி, கொழுத்த எலுமிச்சம்பழம் ஒன்று.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததைத் தொட்டு வேலை தொடங்க வேண்டும். கண்ணமங்கலம் போன சேகரைக் காணோம். நல்ல நேரம் நழுவுகிறதே என்று முதலாளி தவிக்க, நான் போடுகிறேன் என்றேன். பழத்தை எடுக்கவில்லை, அபசகுனமாயிற்றே.

எண்கள் ஏறின. மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் நாலங்குலம் வளர்ந்தேன். அப்போது அது ‘பீப்’ என்று கத்தி, 301 என்று காட்டி நின்றுவிட்டது.

“இன்னாப்பா சொல்லுது?” என்றார் முதலாளி.

“தட்சணை கேக்குதுங்க.”

அவர் பயபக்தியோடு முந்நூற்று ஒரு ரூபாயைத் தட்டில் வைத்தார். மறுபடி போட்டேன். மறுபடி 301.

அதற்குள் சேகர் வந்து பழத்தை எடுத்தான். கட்டைகளைத் துடைத்தான்.

“அண்ணே, ஆன் பண்ணதும் உள்ள கீற சிப்பு மெமரி, கீபோர்டுன்னு ஒண்ணொண்ணா சரி பாக்கும். அப்புறம்தான் டிஸ்கையே தேடும். யாரோ கட்டைய அழுத்திகினே கீறாங்கன்னு நெனச்சிகிச்சி. 301-ன்னா கீபோர்டு கோளாறு.”

“மாமா கொஞ்சம் வுட்டா மொட்டையே போட்டிருப்பாரு அதுக்கு” என்றாள் மல்லிகா. கடையே சிரித்தது.

அடுத்த தையில் அவள் சேகரைக் கட்டிக்கொண்டாள். மொய் எழுதியவர் என்னைக் கண்டதும், கேட்காமலே “முந்நூத்தியொண்ணு” என்று எழுதினார். இன்று அவர்கள் பிள்ளைகளுக்கு நான் ‘முந்நூத்தியொண்ணு பெரியப்பா’. வாசலில் என் தலை தெரிந்தால் ஆளுக்கொரு ‘பீப்’.

சேகர் மட்டும் சிரிக்க மாட்டான். “வுடுங்க, அண்ணன் பாவம்” என்பான்.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.