அருவியில் நின்ற கம்ப்யூட்டர்

தென்காசி வட்டாரத்தில் 'வெளங்கல சாரை'ப் போல ஒரு மக்குப் பையன் அதற்கு முன்னும் பிறக்கவில்லை, இனியும் பிறக்கப் போவதில்லை. அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. தலை முக்கால்வாசி வழுக்கை. உத்தியோகம், எங்கள் பி.எட். கல்லூரியில் கணிதப் பேராசிரியர்.

பள்ளிக்கூடம் போய் ஊரார் பிள்ளைகளைப் பாழாக்குவதற்கு முன்னால், பி.எட். படிக்கிறவர்கள் தங்களுக்குள் ஒத்திகை பார்ப்பது வழக்கம். ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிப்பார்கள். மற்ற பேராசிரியர்கள் ஓரமாக நாற்காலி போட்டுத் தூங்குவார்கள். இவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மக்குப் பையனாக மாறிவிடுவார். நகம் கடிப்பார். பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவார். பாடம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்து ஒற்றை விரலை நீட்டி வெளியே போகக் கேட்பார். நாம் தொண்டை வற்றச் சொல்லி முடித்ததும் எழுந்து கைகட்டிக்கொண்டு சொல்வார்:

"வெளங்கல சார்."

அந்த வாயிலிருந்து 'வெளங்கிட்டு' என்று வந்தால்தான் பாஸ்.

எண்பதுகளின் நடுவில் எங்களுக்குக் கம்ப்யூட்டர் பாடமும் வந்தது. பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை அனுப்பியது; கம்ப்யூட்டரை அனுப்ப மறந்துவிட்டது. முதல்வர் அசரவில்லை. ஒரு அறைக்கு வெள்ளையடித்து, போர்டு மாட்டி, செருப்பை வெளியே விடச் சொல்லிவிட்டார். உள்ளே இருந்த காலி மேஜையை நாங்கள் வெறுங்காலோடு தரிசித்துவிட்டு வந்தோம்.

"மெஷினு எதுக்குலே?" என்றார் வெளங்கல சார். "அதுக்குச் சொந்த புத்தி கெடையாது. சொன்னத மட்டும் செய்யும். வேல முடியுத வரைக்கும் நடுவுல எது பேசினாலும் அதுக்கு ஏறாது. அதுக்குத்தான் நான் இருக்கேம்லா."

அன்று முதல் அவரே கம்ப்யூட்டர். "கலர் சாக்பீஸை எடுத்துப் பேர் எழுதுங்க" என்றாள் ஒருத்தி. எங்கே என்று சொல்லவில்லை. முதல்வர் சுவரில் அடித்த புது வெள்ளை அன்றோடு போயிற்று.

இந்தக் கம்ப்யூட்டருக்கு உத்தரவு சொல்வதில் நான் இரண்டு முறை ஃபெயில். செங்கோட்டைப் பள்ளியில் எனக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். அந்த வாரத்துக்குள் பாஸாகி வராவிட்டால் வேறு ஆள் என்று தலைமையாசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். அழாத குறையாகச் சாரிடம் போய் நின்றேன்.

"நாளைக்குக் குத்தாலத்துக்கு வா. என்னையக் குளிக்க வையி, பாப்போம்" என்றார்.

எங்கள் தெருக் குழாயடியில் நானே நின்று ஒத்திகை பார்த்தேன். 'தலையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தால் அங்கேயே நில். விழுவது நின்றதும் வெளியே வா.' நான் தலையை நனைப்பதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. நகராட்சித் தண்ணீரில் பழகியவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

மறுநாள் வகுப்பே மெயின் அருவிக்கு வந்துவிட்டது. சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. நான் உத்தரவைச் சொன்னேன். சார் துண்டைக் கட்டிக்கொண்டு போய் அருவிக்கு அடியில் நின்றார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். சீசனில் குற்றால அருவி நிற்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உதடு நீலம் பாய்ந்துவிட்டது. "போதும் சார், வாங்க" என்று கத்தினேன். கம்ப்யூட்டருக்கு ஏறவில்லை. அதற்குள் வெள்ளம் ஏறி, தண்ணீர் செம்மண் நிறத்தில் வரத் தொடங்கியது. போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றினார். சார் மட்டும் அசையவில்லை.

"வெளிய வாரும்வே. யாருடே இந்த ஆளு, காது கேக்காதா?"

"அது கம்ப்யூட்டரு ஏட்டையா" என்றான் கடையநல்லூர்க்காரனான என் வகுப்புத் தோழன் காதர்.

ஏட்டையா எங்களை ஒரு பார்வை பார்த்தார். லத்தியை எடுத்தார்.

வேலையும் போச்சு, வாத்தியாரும் போச்சு என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரின் பிளாஸ்டிக் வாளி கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி, சார் தலையில் கவிழ்த்தேன்.

இப்போது தலையில் தண்ணீர் விழவில்லை. வாளியைத் தலையில் சுமந்தபடியே, பக்கத்தில் நின்ற என்னைத் திரும்பியும் பாராமல், சார் விறுவிறுவென்று வெளியே வந்தார்.

வாளிக்குள்ளிருந்து பல் கிடுகிடுக்க ஒரு குரல் கேட்டது.

"வெ... வெளங்கிட்டு."

வாளிக்காரர் தவிர அத்தனை பேரும் கைதட்டினோம்.

சார் நாலு நாள் காய்ச்சலில் படுத்தார். எனக்கு வேலை கிடைத்தது. முதல் நாள், செங்கோட்டையில் ஆறாம் வகுப்பு. கணக்கை நடத்தி முடித்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். பிள்ளைகள் 'ஓ' என்று தலையாட்டினார்கள். கடைசி பெஞ்சில், இரண்டு பொடியன்களுக்கு நடுவே, மப்ளர் சுற்றிய ஒரு வழுக்கைத் தலை மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து கைகட்டி நின்றது.

"வெளங்கல சார்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. போர்டை அழித்துவிட்டு, அவருக்காக மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இப்போது வந்து உட்கார்ந்தாலும் ஆரம்பிப்பேன்.