மீசையின் தடிமன்

அறிவியலில் நான் ஒரே ஒரு முறைதான் பொய் சொன்னேன். அதற்கான சாட்சி என் மேலுதட்டிலேயே முளைத்திருந்தது.

பி.எஸ்ஸி. இயற்பியல், கடைசி வருஷம். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். சாலைக்குக் குறுக்கே புளியமரங்கள் கிடந்தன, பஸ் கிடையாது. எனக்கோ மறுநாள் கள்ளக்குறிச்சியில் ஒளியியல் செய்முறைத் தேர்வு. தவறினால் ஒரு வருஷம் போச்சு. சங்கராபுரம் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் இளவட்டமாக யாரைக் கண்டாலும் போலீஸ் வேனில் ஏற்றுகிறார்கள் என்று பேச்சு.

அப்பா வழி சொன்னார். "மொட்டை போட்டுக்கினு போடா. கோயிலுக்குப் போறவன்னு வுட்டுடுவாங்க."

"மீசை?"

"அத வேற மீசைன்றியா நீ?"

(இருபத்தேழு முடி. அத்தனையும் முரட்டு முடி. கெஞ்சிக் கூத்தாடி அதை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன்.)

யோசனை பலித்தது. வேனருகே நின்ற ஏட்டையா மொட்டையைப் பார்த்துவிட்டு "போ சாமி" என்றார். நாலு மணி நேரம் நடந்து லேபுக்குப் போய்ச் சீட்டு எடுத்தேன். வந்தது 'ஏர் வெட்ஜ்' சோதனை.

இரண்டு கண்ணாடித் தகடுகளைச் சேர்த்து, ஓர் ஓரத்தில் மட்டும் நடுவே ஒரு தலைமுடியைச் செருக வேண்டும். சோடியம் விளக்கு வெளிச்சத்தில் கருப்பும் மஞ்சளுமாக வரிகள் தெரியும். முடி தடிமனாக இருந்தால் வரிகள் நெருங்கும். அந்த இடைவெளியை மைக்ராஸ்கோப்பில் அளந்து, முடியின் தடிமனைக் கணக்கிட வேண்டும். முடி அவரவர் தலையிலிருந்து. அதுதான் எங்கள் லேப் வழக்கம்.

"இன்னா தம்பி, முடி இன்னும் வெக்கலியா?" என்றபடி வந்த லேப் அட்டெண்டர் என் தலையைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். அவருக்கும் முழு வழுக்கை. அடுத்த மேஜைப் பெண்ணிடம் கேட்கலாம். கேட்டிருந்தால் வெளியே நடந்த போராட்டம் உள்ளேயும் நடந்திருக்கும்.

மீசையில் கை வைத்தேன். முதல் முடி கைதவறிப் பறந்தது. இரண்டாவது தும்மலில் போனது. மூன்றாவது நின்றது.

கணக்குப் போட்டால் 0.12 மில்லிமீட்டர். 0.06 வர வேண்டும் என்பது சீனியர்கள் வழிவழியாகச் சொல்லிக்கொடுத்த விடை. விடையிலிருந்து பின்னோக்கி நடந்து, வரிகளின் இடைவெளியை எல்லாம் இரண்டு மடங்காக்கி அழகாக அட்டவணை போட்டேன்.

மார்க் போட வந்த வெளியூர்த் தேர்வாளரும் நடந்து வந்தவர்தான். முழங்கால் வரை புழுதி. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். அட்டவணையைப் பார்த்தார். மறுபடி கண்ணை வைத்தார்.

"வரி இவ்ளோ நெருக்கமா இருக்கு, நீ அகலமா எழுதியிருக்கியே. யாரு முடி இது?"

"என்னுது சார்."

மொட்டையைப் பார்த்தார். நான் மேலுதட்டைத் தொட்டுக் காட்டினேன்.

"மொதல்ல எவ்ளோ வந்துது?"

"பாயிண்ட் ஒன் டூ சார்."

"அதான்பா சரி. முரட்டு முடி தடிப்பாதான் இருக்கும். உன் மீசையவிட சீனியர் தலை மேல உனக்கு நம்பிக்கை ஜாஸ்தியா?" அட்டவணையைக் குறுக்கே அடித்தார். "அரை மணி இருக்கு. பாத்தத எழுது."

அவசரத்தில் கை தகட்டில் பட்டு, செருகியிருந்த முடியும் விழுந்து தொலைந்தது. மறுபடி மீசை. ஒன்று உடைந்தது, ஒன்று ஒட்டவில்லை, ஒன்று எங்கே போனதென்றே தெரியவில்லை. கடைசியில் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதிக் கொடுத்தபோது மீசையின் இடப்பக்கம் வெறிச்சோடியிருந்தது.

திரும்பும் வழியில் அதே ஏட்டையா. டார்ச்சை முகத்தில் அடித்தார். "காலைல ரெண்டு பக்கமும் இருந்துதே. எந்தக் கோயில்ல சாமி பாதி மீசை கேக்குது?"

பாஸாகிவிட்டேன். கதை மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. பஸ்ஸில் கூட்டம், ஆபீசில் வேலை என்று நான் எதை அளந்துவிட்டாலும் என் மனைவி கேட்பாள்: "இது பாத்த கணக்கா, சீனியர் கணக்கா?"

இதை எழுதி முடித்ததும் அவளிடம்தான் படிக்கக் கொடுத்தேன். அடைப்புக்குறி வந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"இருபத்தேழுன்னு போட்டிருக்கீங்களே, எண்ணிப் பாத்தீங்களா?"

பதினெட்டு இருந்திருக்கும்.